அங்கோரும் ஏரிக்கரையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. சொந்த ஊர் காவேரிப்பாக்கத்துக்கு அருகில். ஆசிரியர் பயிற்சிக் காலத்திலிருந்தே பிரியாமல் இருக்கும் தோழிகள் நாங்கள் ஐந்து பேர். மூன்று ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு, அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் கம்போடியாவுக்குப் போய்வந்தோம்.

அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருப்பாற்கடல் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறு வயதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்தவள் நான். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் வழிகாட்டி, ‘இதையெல்லாம் கட்டியது உங்கள் அரசர்கள்தான்’ என்றார். தோழிகளுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. ஒருத்தி அதைக் காணொளியாக எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, நான் ஊர் திரும்புவதற்குள் அது என் மாணவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன் என்று வகுப்பில் சொன்னால், ‘வர்மன் என்றால் பல்லவன்தானே, டீச்சர்?’ என்று கேட்கிறார்கள். மறுக்க மனமும் இல்லை, ஒப்புக்கொள்ளத் துணிவும் இல்லை. அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று நாள் சீட்டில் தோழிகள் பதினேழு கோயில்களைப் பார்த்துவிட்டார்கள். நானோ இரண்டாம் நாள் முழுவதும் அந்த ஒரு சிற்பத்தை விட்டு நகரவில்லை. இவ்வளவு செலவு செய்து போய் வாய்ப்பை வீணடித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

– ஓர் ஆசிரியை, வாலாஜா வட்டம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிவிடுங்கள். அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் கம்போடியாவின் கெமர் மக்கள். 1113ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன். கல் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் செதுக்கியவர்களும் அந்த மண்ணின் மக்கள். அந்தச் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்குச் சிறு துளைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குலேன் மலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த மணற்கற்களைத் தூக்கி நிறுத்துவதற்காக இட்ட துளைகள் அவை. ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, சுண்ணாம்பே இல்லாமல் இடைவெளி தெரியாதபடி பொருத்தியிருக்கிறார்கள். இத்தனை உழைப்பையும் ஒரே வாக்கியத்தில் அவர்களிடமிருந்து எடுத்து நம் பெயரில் எழுதிக்கொள்வது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைக் காட்டி, இவை கடல் கடந்து வந்த வேறொரு நாட்டு அரசன் செய்வித்தவை என்று யாரேனும் சொன்னால், அந்தக் கோட்டை அகழியின் கரையில் வளர்ந்த என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கெமர் சிறுவன் ஒருவனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

‘வர்மன்’ பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்ட மாணவரைப் பாராட்டுங்கள். அவருக்கு இன்னும் வியப்பான ஒரு செய்தியையும் சொல்லலாம். நம் முதலாம் மகேந்திரவர்மன் காஞ்சியில் ஆண்ட அதே 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெமர் நாட்டிலும் மகேந்திரவர்மன் என்றொரு அரசன் இருந்தான். சித்திரசேனன் என்ற இயற்பெயர் கொண்டவன். பட்டம் ஏறியபோது மகேந்திரவர்மன் ஆனான். பெயர் ஒன்று, காலம் ஒன்று, ஆட்கள் வேறு வேறு. வர்மன் என்பது அரசர்கள் சூடிக்கொண்ட வடமொழிப் பட்டம். இந்தியாவிலேயே பல்லவர்களோடு தொடர்பில்லாத பல குலத்தார் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் ஒற்றுமையைக் கொண்டு உறவு முடிவு செய்யக் கூடாது என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் எத்தனையோ பிழைகளிலிருந்து அது அவரைக் காப்பாற்றும்.

இப்படிச் சொல்வதால் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. கம்போடியாவில் கிடைத்த, ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு அங்கோர் போரையில் உள்ள 611ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதன் எழுத்து தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து வளர்ந்தது. சோழர் காலத்துத் தொடர்புக்கும் சான்று உண்டு. ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடுகள், காம்போஜ அரசன் நட்பை நாடி அவனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கூறுகின்றன. காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய அரிய கல் ஒன்று 1114இல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சிதம்பரம் கல்வெட்டு சொல்கிறது. இந்தக் காம்போஜம் கெமர் நாடுதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ராஜேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பியது கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும்தான். அங்கோரோடு நமக்கு இருந்தது இரண்டு அரசுகளுக்கு இடையிலான மரியாதை.

தொடர்பு இருந்தும் ஆக்கம் அவர்களுடையதே என்பதற்கு, நீங்கள் நாள் முழுவதும் நின்று பார்த்த சிற்பமே நல்ல சான்று. ஏறத்தாழ 49 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுவரில் இடப்பக்கம் உருண்டை விழிகளோடு அசுரர்கள், வலப்பக்கம் கூம்பு மகுடங்களோடு தேவர்கள், நடுவில் திருமால். வாசுகியின் வால் பக்கம் கடைசியில் நின்று இழுப்பவரை நினைவுபடுத்திப் பாருங்கள். குரங்கு முகம், அனுமன் என்றே அவரை அடையாளம் சொல்கிறார்கள். நம் புராணங்களில் பாற்கடல் கடைந்த இடத்தில் அனுமனுக்கு வேலை இல்லை. மத்தின் அருகே நீரில் மீன்களும் முதலைகளும் துண்டுதுண்டாக அறுபட்டுச் சிதறுவதையும் பார்த்திருப்பீர்கள். கடல் கடையப்பட்டால் கடலில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று, பெரிய ஏரியில் மீன் பிடித்து வாழ்ந்த நாட்டுச் சிற்பி யோசித்திருக்கிறான். கதை இங்கிருந்து போயிருக்கலாம். அந்த மீன்கள் அவனுடையவை.

உங்கள் மாணவர்களுக்கு அங்கோரை அருகில் கொண்டுவர வேண்டுமானால், அரசர்களை விட்டுவிட்டு ஏரியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். காவேரிப்பாக்கத்தின் பழைய பெயர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். உங்கள் ஏரியை வெட்டுவித்தவனும் அவன்தான் என்பது மரபு. ஒரு தலைமுறைக்குள், 877இல், கெமர் நாட்டில் முதலாம் இந்திரவர்மன் அரியணை ஏறுகிறான். இன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் வெட்டத் தொடங்குவேன் என்று அவன் உறுதி கூறியதாக அவன் காலக் கல்வெட்டு சொல்கிறது. அவன் உருவாக்கிய ஏரி இந்திர தடாகம். அவன் மகன் யசோவர்மன் ஏழரைக் கிலோமீட்டர் நீளத்தில் யசோதர தடாகத்தை அமைத்தான். அவன் நகரம் யசோதரபுரம். இத்தகைய பெரிய ஏரிகளை அங்கே பாராய் என்பார்கள். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேற்குப் பாராய் இன்னும் பெரிது. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் அகலம். அதன் நடுவில் உள்ள சிறு கோயிலில் 1936இல் பள்ளிகொண்ட திருமாலின் மாபெரும் வெண்கலச் சிலையின் தலையும் மார்பும் கிடைத்தன. பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டா இருக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்த உருவத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நகரம், ஏரி, கோயில் மூன்றுக்கும் அரசன் தன் பெயரையே இடும் வழக்கத்தை உங்கள் மாவட்டத்திலேயே காட்டலாம். அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் இடையில் மகேந்திரவாடி இருக்கிறது. அங்கே தனிப் பாறை ஒன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்த சிறு கோயிலின் தூணில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற இக்கோயிலைக் குணபரன் பாறையில் வெட்டுவித்தான் என்பது அதன் பொருள். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். யசோதரபுரத்துக்கும் யசோதர தடாகத்துக்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்தியது இது. இதிலிருந்துதான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். மழை சில மாதங்களே பெய்யும் இரண்டு நெல் நாடுகளில், நீரைத் தேக்கிக் கொடுப்பவனே அரசன் என்ற எண்ணம் எப்படி ஒன்றுபோல வளர்ந்தது என்று பிள்ளைகள் தாங்களாகவே யோசிக்கட்டும்.

வேறுபாட்டையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். நம் ஏரிக்கு நிலத்தின் சரிவே ஒரு பக்கம். மேட்டிலிருந்து வரும் நீரைப் பிறை போல வளைந்த கரை தடுத்து நிறுத்துகிறது. மதகு வழியே வயலுக்குப் போக, மிஞ்சியது கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகிறது. அங்கோரின் பாராய், தரைக்கு மேல் நான்கு பக்கமும் மண்கரை எழுப்பிக் கட்டிய நீள்சதுரம். குலேன் மலையிலிருந்து வரும் ஆற்றை வாய்க்கால்களில் திருப்பி அதற்குள் கொண்டுவந்தார்கள். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே கடும் பெருமழையும் மாறிமாறி வந்து அந்த வாய்க்கால் அமைப்பைச் சிதைத்தன என்று மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நகரம் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரத்துக் கால்வாய் தூர்ந்துபோனால் ஏரிக்கும் ஊருக்கும் என்ன ஆகும் என்பதைப் பாலாற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டிருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நான் அங்கோருக்குப் போனபோது ஒரே நாளில் எட்டு இடங்கள் பார்த்தேன். இன்று பாந்தியாய் ஸ்ரே கோயிலின் செந்நிறக் கல்லைத் தவிர எதுவும் தனியாக மனத்தில் நிற்கவில்லை. நீங்கள் அறுபட்ட மீனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டாரிடம் அந்த மீனைப் பற்றிச் சொல்லுங்கள். தோழிகளோடு மனத்தாங்கல் வேண்டாம். அவர்கள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் மேற்குப் பாராயும் இருக்கும், அதை வாங்கி வகுப்பில் காட்டுங்கள்.

மகேந்திரவாடிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் நீர் நிற்கும் மார்கழியிலோ தையிலோ போங்கள். உச்சி வெயிலில் கல்வெட்டு கண்ணுக்குத் தட்டுப்படாது. வெயில் சாய்வாக விழும் வேளையில்தான் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். இரண்டு எழுத்துகளையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க, கையில் கெமர் எழுத்து அச்சிட்ட தாள் ஒன்று இருக்கட்டும். அங்கோர் நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அதுவே போதும்.

அன்புடன்.