ஒரே ஆளுக்கு ஓர் ஊரா?

கேள்வி (வாசகி ஒருவர்): அமெரிக்காவிலிருக்கும் என் மகன் பழைய படம் ஒன்றை அனுப்பினான். சாலையோரப் பலகையில் 'பியூஃபோர்ட், மக்கள்தொகை 1, உயரம் 8000' என்று இருக்கிறது. அந்த ஒருவர்தான் ஊர்த் தலைவரா?

பதில்: இல்லை அம்மா, அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பியூஃபோர்ட் இருப்பது வயோமிங் மாநிலத்தில், லாரமிக்கும் ஷையானுக்கும் இடையே, 80ஆம் எண் நெடுஞ்சாலையில். 8000 என்பது அடிக்கணக்கு. 1860களில் ரயில்பாதை போட வந்தவர்களால் உருவான இடம். ஒரு காலத்தில் 2000 பேர்வரை இருந்ததாகச் சொல்வார்கள். வேலை நகர்ந்தது, ஆட்களும் நகர்ந்தார்கள். மிஞ்சியது பெட்ரோல் பங்க், ஒரு கடை, ஒரு வீடு.

அமெரிக்காவில் நாலு வீடு சேர்ந்தால் மட்டும் ஊராட்சி வந்துவிடாது. மாநிலச் சட்டப்படி பதிவு செய்துகொண்டால்தான் மேயர், மன்றம், உள்ளூர் வரி எல்லாம். பதிவு செய்யாத இடங்களைக் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போல) நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்; திருட்டு நடந்தால் கவுண்ட்டியின் காவல் அதிகாரியான ஷெரீஃப் வருவார். பியூஃபோர்ட்டும் பதிவு செய்யாத இடம்தான். இப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர் உண்டு, சட்டப்படியான எல்லை கிடையாது. எல்லையே இல்லையென்றால் எதுவரை எண்ணுவது? அதனால் பல இடங்களுக்குத் தனி மக்கள்தொகைக் கணக்கே இருக்காது, கவுண்ட்டி கணக்கில் கரைந்துவிடும். கொஞ்சம் பெரிய குடியிருப்பாக இருந்தால் கணக்கெடுப்புத் துறையே புள்ளிவிவரத்துக்காக ஒரு கோடு போட்டுக்கொள்ளும். அந்தக் கோட்டுக்கு வேறு எந்த அதிகாரமும் இல்லை.

2012இல் பியூஃபோர்ட் ஏலத்துக்கு வந்தது. வியட்நாமைச் சேர்ந்த ஒருவர் 9 லட்சம் டாலருக்கு எடுத்தார். 'ஊரையே விற்றுவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. விற்றது என்னவோ சுமார் 10 ஏக்கர் நிலமும் கட்டடங்களும்தான்!

நீங்கள் கேட்ட அந்தத் தலைவர் நெப்ராஸ்காவில் இருக்கிறார். மோனோவி என்ற பதிவுபெற்ற கிராமம், அங்கேயும் ஒரே ஆள், ஒரு மூதாட்டி. மேயர், எழுத்தர், நூலகர் எல்லாம் அவரே. இதில் வேடிக்கை, 2020 கணக்கெடுப்பு அங்கே 2 பேர் என்றது. தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்கச் சிறு எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வெளியிடுகிறார்கள். ஒருவரே இருக்கும் ஊரில் அப்படி யாரை மறைப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கேள்வி (வேறொரு வாசகர்): பதிவில்லாத ஊர் என்றாலே சின்ன ஊர்தானா?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். நெவாடாவின் பாரடைஸில் 2020இல் 1,91,238 பேர், மேயர் இல்லை. லாஸ் வேகாஸ் நகராட்சி தங்களை இணைத்துக்கொள்ளக் கூடாது என்று 1950இல் தனியாக ஒதுங்கிக்கொண்ட பகுதி அது. லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற சூதாட்ட விடுதித் தெருவில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. லாஸ் வேகாஸ் போகிறோம் என்று விமானம் ஏறுகிறவர்கள் இறங்குவதும் பாரடைஸில்தான்.