ஆறு புள்ளிக் கருவண்டு: முதுகும் வயிறும்

கேள்வி: மழைக்குப் பின் எங்கள் மானாவாரி நிலக்கடலைக் கொல்லையில் கல்லைப் புரட்டும்போது, கட்டைவிரல் நீளத்தில், கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளுடன் ஒரு பூச்சி வேகமாக ஓடுகிறது. வண்டு என்கிறேன் நான். கரப்பான் என்கிறார் என் தம்பி. எது சரி? (வாசகர், பென்னாகரம்)

பதில்: முதலில் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். முன்மார்பின் மேல் இரண்டும், அதற்குப் பின்னுள்ள கடினமான முன்சிறகுகளில் நான்குமாக மொத்தம் ஆறு இருந்தால், நீங்கள் பார்த்தது அந்தியா செக்ஸ்குட்டேட்டா என்னும் தரைவண்டு. ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வரை வளரும் இது, தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளையும் அவற்றை ஒட்டிய கொல்லைகளையும் சார்ந்து வாழ்கிறது.

உங்கள் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. இதே வகைப் புதர்க்காட்டுச் சருகுகளுக்கிடையே தெரியா பெட்டிவெரியானா என்ற கரப்பான் ஒன்றும் உண்டு. அதுவும் கருப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. அதன் சிறகுகளில் தெரியும் புள்ளிகள் ஏழு. கரப்பானின் ஒரு சிறகு மற்றொன்றின் மேல் ஏறிப் படிவதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக அமையாமல் ஒற்றைப்படை எண் வருகிறது. வண்டின் முன்சிறகுகளோ ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் இறுகப் பொருந்தி நிற்கின்றன. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1758-ஆம் ஆண்டு இந்தக் கரப்பானை வண்டு என்று கருதி, ஆமைவண்டுகளுக்குரிய கசிடா என்ற பேரினத்தில் வைத்துவிட்டார் என்றால், கொல்லையில் நின்று பார்ப்பவர் தடுமாறுவதில் வியப்பில்லை. எதிரிகள் அஞ்சி விலகும் தரைவண்டின் தோற்றத்தைக் கரப்பான் போலி செய்கிறது என்பது பூச்சியியலாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

புள்ளிகளை மட்டும் நம்புவதும் சரியன்று. வண்டின் வெண்புள்ளிகள் நுண்மயிர்கள் அடர்ந்த திட்டுகள். வயதான வண்டில் அவை தேய்ந்து மங்கக்கூடும். ஆகவே உடலமைப்பைப் பாருங்கள். கரப்பானின் தலை முன்மார்பின் அடியில் மறைந்து கீழ்நோக்கியிருக்கும். தரைவண்டின் தலை முன்னோக்கி வெளியே நீண்டு, இரையைக் கவ்வும் வலிய தாடைகளைக் காட்டும். வண்டின் உணர்கொம்பில் 11 கணுக்கள். கரப்பானுடையதில் அதைவிட மிகப் பல. கரப்பானின் வயிற்று முனையில் இரு சிறு வால்நீட்சிகள் இருக்கும், வளர்ந்த வண்டில் அவை இல்லை. கரப்பான் குஞ்சு சிறகில்லாத சிறு கரப்பானாகவே பிறந்து வளர, வண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளைக் கடந்தே வண்டாகிறது.

கேள்வி: இந்த வண்டை அறிவியலார் எந்தக் குடும்பத்தில், எதைக் கொண்டு சேர்க்கிறார்கள்? (கல்லூரி மாணவி, ஊத்தங்கரை)

பதில்: கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு, கோலியாப்டிரா வரிசை என்பது வரை எல்லா வண்டுகளுக்கும் பொது. அதற்கு அடுத்த படியில்தான் வேலை இருக்கிறது; அதற்கு வண்டைப் புரட்டி வயிற்றுப்புறத்தைக் காண வேண்டும். பின்கால் உடலோடு சேரும் இடத்தில் உள்ள காக்ஸா என்னும் அடிக்கணு, இந்த வண்டில் அசையாதபடி உடலோடு ஒட்டிப் பின்னோக்கி நீண்டு, வயிற்றின் வெளித்தெரியும் முதல் தகட்டை முழுவதுமாக இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இந்த ஒன்றே அடெபேகா என்ற துணைவரிசையின் முத்திரை. நம் ஏரி, கிணற்று நீரில் மூழ்கி நீந்தும் வண்டுகளும், நீர்மேல் வட்டமிட்டுச் சுழலும் வண்டுகளும் இதே துணைவரிசையைச் சேர்ந்தவை. கோடையில் விளக்கொளிக்கு வரும் சாண வண்டும் கொம்பு வண்டும் பாலிபேகா என்ற வேறு துணைவரிசையில் அடங்கும்; அவற்றில் இந்தப் பிளவு இராது.

அடிக்கணுவுக்கு அடுத்துள்ள ட்ரோக்கான்டர் என்ற கணு, பின்காலில் மொச்சைக்கொட்டை போலப் பெருத்துத் தொடையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். முன்காலில் உணர்கொம்பை இழுத்துச் சுத்தம் செய்வதற்கென மயிர்கள் அமைந்த ஒரு பள்ளம் உண்டு. எல்லாக் கால்களின் பாதங்களிலும் ஐந்தைந்து கணுக்கள். இவற்றோடு, கண்ணுக்கும் தாடையின் அடிக்கும் இடையே முளைக்கும் நூல்போன்ற உணர்கொம்பையும் சேர்த்துப் பார்த்தால் கராபிடே குடும்பம் உறுதியாகிறது. ஏறத்தாழ 40,000 சிற்றினங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. புலிவண்டுகளை இதற்குள் வைப்பதா, தனிக்குடும்பமாகப் பிரிப்பதா என்பது நெடுங்கால வழக்கு. பிரிப்பதையே இக்கால ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர்.

பெயரின் வரலாறு சிறியது. லின்னேயஸின் மாணவரும், வாயுறுப்புகளைக் கொண்டு பூச்சிகளை வகைப்படுத்தியவருமான டென்மார்க்கின் பாப்ரீசியஸ், 1775-இல் இதைக் கராபஸ் பேரினத்தின் கீழ் விவரித்தார். பின்னர் 1801-இல் வெபர் அந்தியா பேரினத்தை நிறுவ, இது அதற்குள் வந்தது. அதனால்தான் பாப்ரீசியஸின் பெயரும் ஆண்டும் இன்று அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து மாறியிருக்கிறது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம். தேர்வில் அதை விட்டுவிட்டு எழுதுவோர் மிகுதி.

கேள்வி: இதைக் கையால் பிடித்த என் மகனுக்குக் கண் எரிந்தது. இது விஷ வண்டா? கடலைச் செடியைக் கெடுக்குமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: இது செடியைத் தின்பதில்லை, பிற பூச்சிகளை வேட்டையாடித் தின்னும் ஊனுண்ணி. அந்தி சாய்ந்த பிறகு தரையில் ஓடி இரை தேடும். பறப்பதில்லை, ஓட்டமும் அமிலமுமே இதன் காப்பு. அந்தியா பேரினத்து வண்டுகளின் வயிற்று முனையிலுள்ள சுரப்பிகள், தொந்தரவு செய்பவரை நோக்கிப் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. சில எறும்புகள் பீய்ச்சுவதும் இதே அமிலம்தான். தோலில் பட்டால் எரிச்சல் தரும். கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் பல நிமிடங்கள் விடாது கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால், நல்லெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கத்தை இங்கே தயவுசெய்து தவிர்க்கவும். இந்த வண்டைக் கொல்ல மருந்து தெளிப்பது வீண் செலவு.

கேள்வி: துவரைப் பூவைத் தின்னும் கருப்பு, ஆரஞ்சுப் பட்டை வண்டும் இதன் இனமா? (வாசகர், அரூர்)

பதில்: இல்லை. அது கொப்புள வண்டு, மெலாய்டே குடும்பம். முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்து கணுக்களும் பின்கால் பாதத்தில் நான்கு கணுக்களும் இருக்கும். அதன் உடல்நீரில் உள்ள காந்தாரிடின் தோலில் கொப்புளம் எழுப்பும் என்பதால், பொறுக்குவோர் கையுறை அணிய வேண்டும்.

கேள்வி: அடையாளம் காண வண்டின் படத்தை அனுப்பலாமா? (ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

பதில்: அனுப்பலாம். முதுகுப்புறப் படம் ஒன்றே பெரும்பாலும் வருகிறது. அதை வைத்துக் குடும்பத்தைச் சொல்வது பல நேரங்களில் ஊகமாகவே முடியும். வண்டை ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு, கீழிருந்து வயிற்றுப்புறமும் பின்கால் அடியும் தெளிவாகத் தெரியுமாறு இன்னொரு படமும், அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலும் வைத்து எடுத்தனுப்புங்கள். பிறகு வண்டைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.