அர்ச்சனை யார் பெயருக்கு?

(2024 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய மாதம் வந்த கேள்வியும் பதிலும்)

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்துத் துளசேந்திரபுரம் கோயிலில் கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டும் என்று பூஜை நடக்கிறது. கருத்துக்கணிப்பிலும் நாடு முழுக்க அவர்தான் டிரம்பைவிட ஒரு படி முன்னால் இருக்கிறாராம். அப்படியானால் 2024 நவம்பர் 5-ல் நம்ம ஊர்ப் பெண் அமெரிக்க ஜனாதிபதி ஆவது உறுதிதானே?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உறுதியில்லை. 2016-ல் ஹிலாரி கிளின்டனும் நாடு முழுக்க முன்னிலையில்தான் இருந்தார். வாக்கு எண்ணி முடித்தபோதும் டிரம்பைவிட 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தார். தோற்றுத்தான் போனார். 2000-ல் அல் கோருக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதல். ஆனால் ஃபுளோரிடாவில் 537 வாக்கு குறைந்தது, புஷ் ஜனாதிபதி ஆனார்.

அமெரிக்காவில் மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்த 538 தேர்வாளர்கள்தான் ஜனாதிபதிக்கு வாக்களிப்பார்கள். 270 பேர் கிடைத்தால் நாற்காலி. மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள். ஒரு வாக்கில் ஜெயித்தாலும் சரி, ஐம்பது லட்சத்தில் ஜெயித்தாலும் சரி, பலன் ஒன்றுதான். 2020-ல் டிரம்புக்கு அதிக வாக்கு விழுந்த மாநிலம் எது தெரியுமா? டெக்சாஸ் இல்லை, ஃபுளோரிடா இல்லை. கலிபோர்னியா! 60 லட்சம் வாக்கு, தேர்வாளர் ஒருவர்கூடக் கிடையாது. அதே தேர்தலில் பைடன் 70 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை சுமார் 43,000 வாக்குதான்; அந்த மூன்றும் டிரம்ப் பக்கம் போயிருந்தால் தேர்வாளர் கணக்கு 269–269 என்று முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

ஆகவே நாடு முழுக்க எடுத்த கணிப்பை ஓரமாக வையுங்கள். இந்தத் தேர்தல் யார் பக்கமும் சாயக்கூடிய ஏழு மாநிலங்களில்தான் நடக்கிறது. அதிலும் பெரியது 19 தேர்வாளர்களை வைத்திருக்கும் பென்சில்வேனியா. அர்ச்சகரிடம் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த "நம்ம ஊர்ப் பெண்". தாத்தா பி.வி. கோபாலனுக்குத்தான் துளசேந்திரபுரம் சொந்த ஊர். அம்மா சியாமளா 1958-லேயே படிக்க பெர்க்லி போய்விட்டார். மகள் பிறந்தது ஓக்லண்டில். இருக்கட்டும், பேத்தி என்ற பாசம் தப்பில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் அவர் பென்சில்வேனியாவின் பெண்.

எப்படி என்கிறீர்களா? பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டு, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதை ஃப்ராக்கிங் என்பார்கள். 2019-ல் வேட்பாளர் ஆக முயன்றபோது கமலா அதைத் தடை செய்ய வேண்டும் என்றார். இப்போது தடை செய்ய மாட்டேன் என்கிறார், 2024 செப்டம்பரில் நடந்த ஃபிலடெல்ஃபியா விவாத மேடையிலும் அதையே சொன்னார். அந்த ஐந்து ஆண்டுகளில் பாறை மாறவில்லை. எரிவாயு உற்பத்தியில் டெக்சாஸுக்கு அடுத்த மாநிலம் பென்சில்வேனியா. கலிபோர்னியாவில் வாக்குக் கேட்பவருக்கு ஒரு கொள்கை, கிணறு தோண்டிப் பிழைக்கும் ஊர்களில் வாக்குக் கேட்பவருக்கு வேறு கொள்கை. டிரம்ப் இதில் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. அவர் முதலிலிருந்தே "தோண்டு, தோண்டு" கட்சி, குழப்பமே கிடையாது.

நீரியல் விரிசல் என்ற பெயரில் இதே ஃப்ராக்கிங்கை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஊர்கள்தானே? 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே போட்டாயிற்று. இப்போது அதே மண்ணில், ஃப்ராக்கிங்கைத் தடுக்க மாட்டேன் என்பவருக்குத் தேங்காய் உடைக்கிறீர்கள்.