கேள்வி பதில்: ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர் தொகுதி

(கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு 2018இல் முதன்முறையாக இரண்டு தமிழர்கள் தேர்வானதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மதுரை மாவட்டத்தில் இருந்து நிறையக் கேள்விகள் வந்தன, பெரும்பாலும் ஒரே தொகுதியைச் சுற்றி. அதனால் இந்த வாரம் முழுக்க அதுவே.)

ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர் தொகுதியில் அவ்வளவு தமிழர்கள் இருக்கிறார்கள், 2016இல் இரண்டு பெரிய கட்சிகள் தமிழர்களையே நிறுத்தின என்கிறீர்கள். அப்புறம் எப்படி ஒரு கொரியாக்காரர் ஜெயித்தார்? – வாசகர், மேலூர்

இதற்குப் பதில் சொல்ல 1999 வரைக்கும் போக வேண்டும். அந்த வருஷம்தான் ஒன்டாரியோவில் தொகுதிகளை 130இல் இருந்து 103ஆகக் குறைத்தார்கள், நாடாளுமன்றத் தொகுதியின் எல்லையையே சட்டமன்றத்துக்கும் வைத்தார்கள், அதில் பிறந்ததுதான் இந்தச் சட்டமன்றத் தொகுதி. டொரோன்டோவின் வடகிழக்கு மூலை. முதல் உறுப்பினர் ஆல்வின் கர்லிங், லிபரல் கட்சி, ஜமைக்காவில் பிறந்தவர். பக்கத்தில் பழைய ஸ்கார்பரோ வடக்குத் தொகுதியில் 1985இலேயே ஜெயித்து, ஒன்டாரியோவின் முதல் கறுப்பின அமைச்சரானவர். 2003இல் பேரவைத் தலைவரும் ஆனார். 2005இல் டொமினிக்கன் குடியரசுக்குத் தூதராகப் போனதால் பதவியை விட்டார், இடைத்தேர்தல் வந்தது, டிரினிடாட்டில் பிறந்த பாஸ் பால்கிசூன் அதே லிபரல் கட்சிக்காக நின்று ஜெயித்தார். 2007, 2011, 2014 என்று அடுத்தடுத்து அவர்தான்.

இப்படிப் பார்த்தால் லிபரலின் கோட்டை. ஆனால் உள்ளே அடித்தளம் மாறிக்கொண்டிருந்தது. 2011இலும் 2014இலும் இரண்டாம் இடத்துக்கு வந்தவர் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) கட்சியின் நீதன் ஷான், தமிழர். 2014இல் மூன்றாம் இடம் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ, 1936இல் கொரியாவில் பிறந்தவர். மூன்றாம் இடம்தானே என்று அவரை ஒதுக்கிவிடக் கூடாது, ஏனென்றால் 1991இல் இருந்து அந்தப் பகுதிக்கு நகரசபை உறுப்பினர் அவர்தான், குப்பை அள்ளவில்லை, தெருவில் பனி வாரவில்லை என்றால் ஜனங்கள் கூப்பிடுவது அவரை.

2016 மார்ச்சில் பால்கிசூன் திடீரென்று விலகினார். செப்டம்பர் 1ஆம் தேதி இடைத்தேர்தல். லிபரல் நிறுத்தியது பிரகல் திரு, தமிழர். என்டிபி மறுபடியும் நீதன் ஷான். கன்சர்வேட்டிவ் மறுபடியும் ரேமண்ட் சோ. பதிவான ஓட்டில் சோவுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 39 அளவு, எண்ணிக்கையில் பத்தாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. மற்ற இருவரும் சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கினார்கள். நம் ஊர் முறைதான் அங்கேயும், யார் அதிகம் வாங்குகிறாரோ அவர் ஜெயித்தார், பாதியைத் தாண்ட வேண்டும் என்று கிடையாது.

‘தமிழ் ஓட்டுப் பிரிந்ததால் தோற்றோம்’ என்று இதை முடித்துவிட நான் தயாராக இல்லை. லிபரலுக்கு ஓட்டுப் போட்டவர் எல்லாரும் தமிழர் இல்லை, என்டிபிக்குப் போட்டவரும் இல்லை, சோவுக்குப் போட்டவர்களில் தமிழரே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. சீனர்கள், கரீபியன் தீவுக்காரர்கள், பிலிப்பினோக்கள், பஞ்சாபிகள், குஜராத்திகள் எல்லாரும் சேர்ந்து வாழும் தொகுதி அது. அந்தத் தேர்தலில் பள்ளிகளின் பாலியல் கல்விப் பாடத்திட்டம் பெரிய சண்டையாக இருந்தது, ‘ஆட்சிக்கு வந்தால் அந்தப் பாடத்திட்டத்தை ரத்து செய்வோம்’ என்று கன்சர்வேட்டிவ் தலைவர் பேட்ரிக் பிரவுன் பெயரில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் கடிதம் போனது, சில நாளில் அவரே அதில் இருந்து பின்வாங்கினார். அது எத்தனை ஓட்டை அசைத்தது என்று கணக்குப் போடுவது கஷ்டம். ஆனால் கால் நூற்றாண்டாகத் தெருத்தெருவாக அறிந்த முகம் ஒன்று எதிரே நிற்கும்போது, வேட்பாளர் எந்த மொழிக்காரர் என்பது மட்டும் தேர்தலைத் தீர்மானிக்காது. சாதி எண்ணிக்கையை வைத்து மேலூரையும் உசிலம்பட்டியையும் டீக்கடையில் கணக்குப் போடுகிற நாம் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோ சட்டமன்றம் போனதால் அவருடைய 42ஆம் வார்டு காலியானது. 2017 பிப்ரவரியில் அதற்கு இடைத்தேர்தல், ஜெயித்தவர் நீதன் ஷான்.

இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். அங்கே ஆளுங்கட்சி எப்படித் தோற்றது? – வாசகர், திருமங்கலம்

திருமங்கலத்தில் இருந்து இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். 2009 ஜனவரியில் உங்கள் ஊரில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்றாலே ஓட்டுக்குப் பணம் என்று நாடு முழுக்க அர்த்தம் ஆகிப்போனது, ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வலி என்று தெரியும். அந்த ஊரில் காசு வாங்காமல் ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஒன்டாரியோவில் இடைத்தேர்தலை அரசாங்கத்தைத் தட்டிக் கேட்கும் வாய்ப்பாகத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். 2016இல் முதல்வர் கேத்லீன் வின், லிபரல் கட்சி 2003இல் இருந்து ஆட்சியில் இருந்தது, மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதில் வீட்டுக்கு வீடு கோபம். ஆட்சி கவிழாது, அதே நேரம் எச்சரிக்கையும் கொடுத்த மாதிரி ஆகும் என்று இருக்கும்போது எதிர்க்கட்சிக்குக் குத்துவது சுலபம். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை போல, 2018 பொதுத்தேர்தலில் லிபரல் மொத்தமே 7 இடத்துக்கு இறங்கியது.

2018இல்தான் முதல் தமிழர் என்று எழுதினீர்கள். ஆனால் ராதிகா சிற்சபைஈசன் 2011லேயே இதே தொகுதியில் ஜெயித்தாரே? – வாசகி, உசிலம்பட்டி

ஜெயித்தார், ஆனால் அது நாடாளுமன்றத்துக்கு. நான் முன்னால் சொன்ன எல்லை விஷயம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். நம் ஊரில் மதுரை மக்களவைத் தொகுதிக்குள் மேலூர், கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். ஒன்டாரியோவின் தென்பகுதியில் ஒரே எல்லை, ஒரே பெயர், அதற்கு ஒரு எம்பி, ஒரு எம்எல்ஏ. ராதிகா என்டிபி சார்பில் கனடாவின் முதல் தமிழ் எம்பி ஆனார், அதே வருஷம் மாகாணத் தேர்தலில் அதே கட்சியின் நீதன் ஷான் அதே எல்லைக்குள் தோற்றார். ஒரே வாக்காளர்கள், ஆறு மாதத்துக்குள் இரண்டு விதமான தீர்ப்பு. எனக்கு இந்தத் தொகுதியின் வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

2018இல் தொகுதியே இல்லாமல் போனது. மறுசீரமைப்பில் அதை உடைத்து, பெரும்பகுதியை ஸ்கார்பரோ வடக்கு என்றும், மீதியைப் பக்கத்துப் பகுதிகளோடு சேர்த்து ஸ்கார்பரோ – ரூஜ் பார்க் என்றும் ஆக்கினார்கள். வடக்கில் ரேமண்ட் சோ, ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம், இரண்டு பேரும் கன்சர்வேட்டிவ். மார்க்கம் – தார்ன்ஹில்லில் லோகன் கணபதி, அவரும் அதே கட்சி. மூவரும் 2022லும் 2025லும் மறுபடி ஜெயித்தார்கள். ஒன்டாரியோவில் ஆண்டுதோறும் மே மாதம் கடைப்பிடிக்கும் தமிழினப் படுகொலை கல்வி வாரத்துக்காக 2021இல் நிறைவேறிய சட்டத்தைக் கொண்டுவந்தவர் தணிகாசலம்தான்.

தொகுதி காணாமல் போவது உங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை, 2008 மறுசீரமைப்பில் சேடபட்டி தொகுதி போனபோது அங்கத்து மக்கள் பட்ட ஆதங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அங்கே சின்னம் உண்டா? – வாசகர், சோழவந்தான்

கிடையாது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர், கட்சிப் பெயர், பக்கத்தில் குறி போட ஒரு வட்டம். சுவரில் எழுதும் பழக்கமும் இல்லை, ஆதரிப்பவர்கள் வீட்டு வாசல் புல்தரையில் வேட்பாளர் பெயர்ப் பலகையை நட்டு வைப்பார்கள்.

என் சித்தப்பா மகன் 90களில் ஸ்கார்பரோ போனவன், எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறான். நான் ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில் 1990இல் இருந்து இருக்கிறேன், இன்னும் ஓட்டு இல்லை. அவனுக்கு மட்டும் எப்படி? – வாசகர், ஆனையூர் முகாம்

அண்ணே, உங்கள் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், பதில் எழுதக் கடைசி வரை தயங்கினேன். ஒன்டாரியோவில் ஓட்டுப் போட கனடாக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது, மாகாணத்தில் குடியிருப்பு, அவ்வளவுதான். அகதியாகப் போனவருக்கு முதலில் நிரந்தரக் குடியிருப்பு, பிறகு சில வருஷம் வசித்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பம். இப்போதைய கணக்குப்படி ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த வழி அகதிக்கும் திறந்திருந்தது, உங்கள் தம்பி அதில் நடந்துபோனார். ஸ்கார்பரோவில் தமிழ் ஓட்டு என்று ஒன்று இருப்பதே அதனால்தான்.

இங்கே அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்களைப் பக்கத்துத் தெருக்காரர்களாக நினைக்கும் ஒருவனாகச் சொல்கிறேன், இது அநியாயம். ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் சட்டப்படி அவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் இதை வைத்துத்தான் 2022இல் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கான உத்தரவு வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். நீங்கள் 1990இல் வந்தவர் என்பதால் உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. முகாமில் 84, 85, 86இல் வந்த குடும்பங்கள் இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சான்றிதழ் இல்லாதவர்கள் பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவையாவது தேடச் சொல்லுங்கள், பிறகு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம், அங்கே வக்கீல் உதவிக்குக் கட்டணம் இல்லை.