நல்ல காலில் எதற்கு ஆபரேஷன்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இடது முழங்காலுக்கு மேலே எலும்பில் சீழ் பிடித்துக் குணமானது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கால் 2 செ.மீ. குட்டை, இப்போது இரண்டரை. வலது காலில் சின்ன துளை போட்டு வளர்ச்சியை நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். நல்ல காலில் போய்க் கைவைப்பதா? பத்தாம் வகுப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பத்தாம் வகுப்பு வரை காத்திருந்தால் இந்த ஆபரேஷனுக்கே வேலை இருக்காது. வளர்கிற எலும்பில்தான் இது பலிக்கும். பெண் குழந்தைகளுக்குச் சுமார் 14 வயதில் கால் வளர்ச்சி நின்றுவிடும்.

தொடை எலும்பின் கீழ்முனையில் வளர்ச்சித் தட்டு என்றொரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ச்சி அங்கிருந்துதான். உங்கள் மகளின் இடது காலில் சீழ் அதைக் கொஞ்சம் பழுதாக்கியிருக்க வேண்டும். அதனால்தான் வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. வலது தொடையில் அந்தத் தட்டை இப்போது நிறுத்திவிட்டால், மீதி மூன்று வருடத்தில் இடது கால் ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிடும். அரை செ.மீ. மிச்சம் இருந்தாலும் நடையில் தெரியாது. உயரத்தில் இரண்டு, மூன்று செ.மீ. குறையும், அது உண்மைதான்.

குட்டைக் காலையே நீட்டலாமே என்று தோன்றும். எலும்பை வெட்டி, கம்பிச் சட்டம் மாட்டி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் இழுக்க வேண்டும். மாதக்கணக்காகும், கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிக்கும், முழங்கால் இறுகும். 5 செ.மீ.க்கு மேல் என்றால் சரி, இந்த அளவுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

துளை ஆபரேஷனில் முழங்காலின் இருபக்கமும் 1 செ.மீ.கூட இல்லாத வெட்டுதான். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தட்டைத் துளைத்துச் சிதைப்பார்கள். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு வரலாம். ஒரு பக்கம் மட்டும் வளர்ச்சி நிற்காமல் போனால் முழங்கால் கோணும். அதனால் வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே தவறக்கூடாது.

தேதி குறிக்கும் முன் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதிக்கும் அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கலாம். பெண் வயதுக்கு வந்துவிட்டாளா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வந்துவிட்டால் மிச்ச வளர்ச்சி குறைவு, கணக்கே மாறும். அதுவரை இடது ஷூவின் அடிப்பாகத்தை ஒன்றரை செ.மீ. உயர்த்தித் தைத்துக் கொடுங்கள்.