8,000 ரூபாய் உண்மையிலேயே மிச்சமாகுமா?

கேள்வி: மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன், நாளொன்றுக்குச் சுமார் 1,200 ரூபாய் கிடைக்கிறது. என்னுடைய பழைய காரில் டச் ஸ்கிரீன் செட், நான்கு கதவு ஸ்பீக்கர், 400 வாட் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), சப்வூஃபர் (அடிநாத ஸ்பீக்கர்) பொருத்த, ஒயர், கப்ளர் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) எல்லாம் சேர்த்து ராமநாதபுரம் கடையில் 32,000 ரூபாய் கேட்கிறார்கள். அதில் கூலி மட்டும் 6,000. ஒயர், கப்ளர் நீங்கலாக அதே பொருட்கள் ஆன்லைனில் 24,000 ரூபாய்க்கு வருகின்றன. வீடியோ பார்த்து நானே பொருத்தினால் 8,000 ரூபாய் மிச்சம்தானே?

பதில்: அவ்வளவு மிச்சமாகாது. ஆம்ப்புக்கு பேட்டரியிலிருந்து இழுக்க வேண்டிய ஒயர், அதற்கான ஃபியூஸ், உங்கள் காருக்குரிய கப்ளர் ஆகியவற்றுக்கு 2,000 ரூபாயும், ஒயர் முனைகளை நசுக்கி இணைக்கும் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் 1,000 ரூபாயும் ஒதுக்குங்கள். கதவு பேடைக் கழற்றிப் பழகாதவருக்கு இந்த வேலை இரண்டு நாளை விழுங்கிவிடும்; அந்த வகையில் 2,400 ரூபாய் வியாபாரம் போகும். கையில் நிற்பது 2,600 ரூபாய்தான். கிளிப் நான்கு உடைந்தால் அதிலும் குறையும்.

அந்த 2,600 ரூபாய்க்காக நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் பொறுப்பு எது என்று பாருங்கள். 400 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர். ஆம்ப்பில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 40ஐத் தாண்டும். செட்டுக்கு வரும் பழைய ஒயரின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் என்பதால், அதிலிருந்து ஆம்ப்புக்கு இணைப்பு எடுக்கவே கூடாது. தனி ஒயர் இழுத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்பை அல்ல, ஒயரை. அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கலாம்.

உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு இருக்கிறது. என் காரில் எர்த் எடுக்க டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் முடுக்கியிருந்தார்கள். ஒரு வாடைக்காற்றுக் காலம் கழிந்து பாயைத் தூக்கிப் பார்த்தபோது, ஒயர் முனையில் பச்சைக் களிம்பும் போல்ட்டைச் சுற்றித் துருவும் படிந்திருந்தன. பாட்டு விட்டுவிட்டு வந்ததற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்! ஆகவே அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவு ஒயரைத் தவிர்த்து, வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு ஒயரைக் கேளுங்கள். எர்த் முனையை முடுக்கியபின் அதன்மேல் கிரீஸோ பெயின்ட்டோ தடவச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கும் ஒயர் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை வெட்டிப் பார்க்காமல் அறிவது கடினம்.

என் யோசனை, வேலையைப் பிரிப்பது. ஒயரை வெட்டாமல் கப்ளரில் செருகும் செட்டையும் கதவு ஸ்பீக்கர்களையும் உங்கள் வியாபாரம் இல்லாத நாளில் நீங்களே மாற்றுங்கள். ஆம்ப், சப்வூஃபர் வேலையை மட்டும் கடையிலோ நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடமோ 3,500 ரூபாய்க்குள் பேசி முடியுங்கள். 24,000, ஒயர் வகைக்கு 2,000, கூலி 3,500 என மொத்தம் 29,500 ஆகும். மிச்சம் 2,500 ரூபாய். முழுவதும் நீங்களே செய்தால் நிற்பதைவிட இது 100 ரூபாய்தான் குறைவு, வியாபாரமும் கெடாது. வெளியில் வாங்கிய பொருளைத் தொடமாட்டோம் என்று சில கடைகளில் மறுப்பார்கள். பொருளை வாங்குமுன்பே கேட்டுவிடுங்கள். ஆம்ப்பின் வாரண்டி அட்டையில் யார் பொருத்த வேண்டும் என்று நிபந்தனை உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

இன்னொரு செலவையும் கணக்கில் சேருங்கள். கார் கம்பெனி விலையில் அடங்காத மின்னணுப் பொருட்களைத் தனியாகத் தெரிவித்துப் பிரீமியம் கட்டினால்தான் இன்சூரன்ஸ் அவற்றுக்குப் பொருந்தும். அது பெரும்பாலும் மதிப்பில் 4 சதவீதம். 24,000 ரூபாய்க்கு 960, ஜிஎஸ்டியுடன் சுமார் 1,133 ரூபாய். திருட்டுக்கும் தீ விபத்துக்கும் இது உதவும், ஆம்ப் தானாகப் பழுதானால் உதவாது. உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் இந்தக் காப்பைச் சேர்க்கவே வழியில்லை.