வெளியான புரதப் படிக அமைப்புக்கு எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் எங்கே கிடைக்கும்?

ஊட்டியில் எம்.பார்ம் படிக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: கட்டுரையில் வந்த புரதத்துக்கு அடர்த்தி வரைபடம் (எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு குவிந்திருக்கின்றன என்று காட்டுவது) எப்படி எடுப்பது? மழை பிடித்தால் விடுதியில் இணையமே படுத்துவிடுகிறதாம்.

அப்படியானால் புரத அமைப்புகளின் பொதுக் களஞ்சியமான பிடிபி தளத்தில் அந்த அமைப்பின் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, உலாவியிலேயே ஓடும் முப்பரிமாணக் காட்டியான மோல்ஸ்டாரில் திறங்கள். நீங்கள் பார்க்கும் பகுதியின் அடர்த்தியை மட்டும் அது இறக்குவதால் கோத்தகிரி மூடுபனியிலும் ஓடும். இணையம் நன்றாக இருக்கும் இரவில் ‘கூட்’ (Coot) என்ற மென்பொருள் வழியே முழு வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வரைபடம் சோதனைத் தரவிலிருந்து, அதாவது படிகத்தில் எக்ஸ்-கதிர் சிதறியதை அளந்து பெறும் கட்டமைப்புக் காரணிகளிலிருந்து கணக்கிடப்படுவது. 2008 பிப்ரவரி முதல் அவற்றையும் ஒப்படைப்பது கட்டாயம். அதற்கு முந்தைய சில அமைப்புகளுக்குத் தரவே இருக்காது.

கிடைத்ததும் முதலில் மருந்து மூலக்கூறு இருக்கும் இடத்துக்குப் போங்கள். அடர்த்தியைக் காட்டும் நீல வலையை 1 சிக்மாவில் (சிக்மா என்பது வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) வையுங்கள். மூலக்கூறின் வளையம் வலைக்குள் பொருந்தி, வால் பகுதி மட்டும் வெறுமையில் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த வாலை நம்பி டாக்கிங் (மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) செய்யாதீர்கள். சோதனைத் தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேறுபாட்டு வரைபடத்தில் 3 சிக்மாவில் சிவப்பு தெரிந்தால் அங்கே அணுவை அதிகமாக வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், பிடிபி-ரெடோ என்ற தரவுத்தளத்தில் அதே அமைப்பை மறுபடி செம்மைப்படுத்தி வைத்திருப்பார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள்.